ஓட்டுக்கு ஒரு பக்கக் கணக்கு எழுதுவது எப்படி

எந்த ஓட்டு நமக்கு நலன் என்று கணக்குப் பார்க்க, பழைய பேரேட்டில் எழுதாத தாள் ஒன்று இருந்தால் போதும். இல்லையென்றால் பிள்ளைகளின் நோட்டில் நடுப்பக்கத்தைக் கிழித்துக்கொள்ளுங்கள். நெடுக்காக மூன்று கோடு போட்டால் நான்கு கட்டம் வரும். முதல் கட்டத்துக்கு "என்ன", அடுத்ததற்கு "யாருக்கு", மூன்றாவதற்கு "யார் கையில்", கடைசிக்கு "எவ்வளவு" என்று தலைப்புக் கொடுங்கள். மேலே தேதி போடுங்கள். தேதி இல்லாததைக் கணக்கு என்று நான் ஒப்புக்கொள்வதில்லை.

சேலத்தில் சிவதாபுரம், பனங்காடு பக்கம் இருக்கும் வெள்ளிக் கொலுசுப் பட்டறைகளுக்குக் கணக்கு எழுதுகிறவள் நான். கட்டி வெள்ளி எவ்வளவு போனது, கொலுசாக எவ்வளவு திரும்பியது, சேதாரம் எவ்வளவு, டச் (வெள்ளியின் சுத்தம்) எவ்வளவு, வாங்கிய முன்பணத்தில் கூலி எவ்வளவு கழிந்தது என்று எழுதுவதுதான் பிழைப்பு. பெங்களூரில் வேலை பார்க்கும் என் அண்ணன் மகன் ஒவ்வொரு தேர்தல் முடிவன்றும் போன் போடுவான். "அத்தை, நம்ம சனங்க தன் தலையில தானே மண்ணை வாரிப் போட்டுக்கிறாங்க. இவங்களுக்கெல்லாம் எதுக்கு ஓட்டு?" என்பான். "யார் தலையில எவ்வளவு மண்ணுன்னு எழுதிக் காட்டுடா, அப்புறம் பேசலாம்" என்பேன். இதுவரை எழுதிக் காட்டவில்லை. அவனைப் போல் அடுத்தவர் ஓட்டுக்குத் தீர்ப்புச் சொல்கிறவர்களுக்கும், தன் ஓட்டை யாருக்குப் போடுவது என்று குழம்பி நிற்பவர்களுக்கும் இந்த முறை ஒன்றேதான்.

வரவும் செலவும்

நலன் என்று ஒரே சொல்லில் சொல்லிவிடுகிறோம். எழுதப் போனால் ஒரு கொலுசுக் கூலிக்காரர் வீட்டுக்கே பக்கம் நிறைந்துவிடும். எடுத்துக்காட்டாக ஒரு வீட்டை எழுதிப் பார்க்கலாம். புருஷன் பட்டறையில், மனைவி வீட்டிலிருந்தே கொலுசு கோத்துக் கொடுக்கிறார், மகள் அரசுப் பள்ளியில் படித்துவிட்டுக் கல்லூரிக்குப் போகிறாள், மாமியார் கூடவே இருக்கிறார்.

மனைவிக்கு மகளிர் உரிமைத் தொகை, 2023 செப்டம்பரிலிருந்து மாதம் 1000 ரூபாய். மகளுக்குப் புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1000. சாதாரணக் கட்டண டவுன் பஸ்ஸில் பெண்களுக்கு 2021 மே மாதத்திலிருந்து டிக்கெட் இல்லை. இதற்குத் தொகை போட, பழைய டிக்கெட் விலையை உண்மையில் போய்வரும் நாட்களால் பெருக்குங்கள், மாதத்துக்கு முப்பது நாள் என்று குத்துமதிப்பாகப் போடாதீர்கள். ரேஷன் அரிசி 2011 ஜூனிலிருந்து காசில்லாமல். வீட்டு மின்சாரத்தில் இரண்டு மாதத்துக்கு முதல் 100 யூனிட் இலவசம். இவை வரவு.

செலவுப் பக்கத்தைத்தான் பலரும் எழுதுவதில்லை. 2022-ல் சொத்து வரி ஏறியது. வாடகை வீடானாலும் வீட்டுக்காரர் அதை நம் தலையில்தான் வைப்பார். அதே ஆண்டு செப்டம்பரில் மின் கட்டணமும் ஏறியது. சிலிண்டர் விலையைத் தாளில் தனி வரியாக எழுதுங்கள். அப்புறம், புருஷன் குடிக்கிறவர் என்றால் அதையும் எழுத வேண்டும். 2003-லிருந்து சில்லறைச் சாராய விற்பனை அரசாங்கத்தின் டாஸ்மாக் கையில்தான் இருக்கிறது. மனைவி பேருக்கு ஆயிரம் வருகிறது, புருஷன் கையிலிருந்து அதே அரசாங்கத்துக்கு எவ்வளவு திரும்பிப் போகிறது என்று பக்கத்துப் பக்கத்தில் எழுதிப் பாருங்கள். எங்கள் தெருவில் ஓர் அக்கா இந்த இரண்டு வரியை எழுதிவிட்டுப் பேனாவை மூடிவிட்டார். மேலே எழுத அவருக்கு ஒன்றும் இருக்கவில்லை.

தொழிலுக்கு வருவோம். வெள்ளிக்கு 2017 ஜூலையிலிருந்து 3 சதவீதம் ஜிஎஸ்டி. இறக்குமதி வரி 2024 ஜூலை பட்ஜெட்டில் 15 சதவீதத்திலிருந்து 6 ஆகக் குறைந்தது. வெள்ளி விலை தாறுமாறாக ஏறினால் கடைக்காரர் ஆர்டரைக் குறைப்பார், பட்டறையில் வேலை குறையும், கூலி குறையும். கிலோ விலையைப் பார்த்து வெள்ளிக்காரங்களுக்கு யோகம் என்று வெளியே பேசிக்கொள்வார்கள். வெள்ளியை வாங்கி வைத்தவருக்குத்தான் யோகம், கொலுசு கட்டுகிறவருக்கு இல்லை.

மூன்றாவது கட்டத்தில் அவசரப்படாதீர்கள்

"யார் கையில்" என்ற கட்டத்தை நிரப்பும்போதுதான் பாதிச் சண்டை தீரும். மழை பெய்தால் தெருவில் நிற்கும் தண்ணீர், குடிதண்ணீர், சாக்கடை எல்லாம் மாநகராட்சி. சேலம் மாநகராட்சியில் 60 வார்டு, ஒவ்வொன்றுக்கும் கவுன்சிலர் உண்டு. மகளிர் தொகை, பஸ், மின்கட்டணம், டாஸ்மாக் எல்லாம் சென்னை. இறக்குமதி வரி டெல்லி. ஜிஎஸ்டி விகிதம், டெல்லியும் மாநிலங்களும் சேர்ந்து உட்காரும் கவுன்சில். ரேஷன் அரிசி இரண்டு பேர் கையிலும். உலகச் சந்தையில் வெள்ளி விலை யார் கையிலும் இல்லை. அப்படியே எழுதுங்கள், "யார் கையிலும் இல்லை" என்று. அந்த வரிக்கு எந்த வேட்பாளர் பெருமை கேட்டாலும் கொடுக்க வேண்டாம், யார் மேலேயும் பழி போடவும் வேண்டாம்.

மக்களவைத் தேர்தலில் சாக்கடைக்காக ஓட்டுப் போடுகிறவர் முட்டாள் இல்லை. அவருக்குக் கட்டம் மாறிப் போயிருக்கிறது, அவ்வளவுதான். எந்தத் தேர்தலோ அதற்குரிய வரிகளைப் பேனாவால் சுழித்துக்கொண்டு, மற்றதை அந்தத் தடவைக்கு ஒதுக்கிவையுங்கள்.

ரூபாயில் எழுத முடியாத வரி

இதை விட்டுவிட்டு எழுதிய கணக்கில் எப்போதும் சனங்கள் மடையர்களாகத்தான் தெரிவார்கள். தாலுகா ஆபீசில் உட்காரச் சொல்கிறார்களா, போலீஸ் ஸ்டேஷனில் எப்படிக் கூப்பிடுகிறார்கள், பிள்ளைக்குப் படிப்பிலும் வேலையிலும் இடம் கிடைக்குமா, நம் ஆள் என்று ஒருவர் சட்டசபையில் இருக்கிறாரா என்பதெல்லாம் வீட்டுக்கு வீடு பெரிய வரிகள். "எவ்வளவு" கட்டத்தில் அதிகம், நடுத்தரம், குறைவு என்று எழுதினால் போதும். மானத்துக்காக ஓட்டுப் போடுகிறவரைப் பார்த்துச் சிரிக்கும் என் அண்ணன் மகன், மேனேஜர் மரியாதை இல்லாமல் பேசினார் என்பதற்காக நல்ல சம்பளத்தை விட்டுவிட்டுக் குறைந்த சம்பளத்துக்கு மாறியவன். அப்போது யாரும் அவனை அறிவில்லாதவன் என்று சொல்லவில்லை.

ஓர் எல்லை மட்டும் வைத்திருக்கிறேன். எனக்கு நாற்காலி வேண்டும் என்றால் அதை இந்தப் பக்கத்தில் எழுதலாம். பக்கத்துத் தெருக்காரரின் நாற்காலியைப் பிடுங்க வேண்டும் என்பதற்கு என் கணக்கில் இடம் கிடையாது. அப்படி ஒரு வரி எழுதத் தோன்றினால், அதை உங்களுக்குச் சொல்லிக்கொடுத்தது யார், அதனால் அவருக்கு என்ன வரவு என்று யோசியுங்கள்.

எங்கள் மாவட்டத்துக் கணக்கு ஒன்று

அண்ணன் மகன் எப்போதும் எடுத்துப் போடும் துருப்பு எட்டு வழிச் சாலை. 2018-ல் சேலத்திலிருந்து சென்னைக்கு 277 கிலோமீட்டர், 10,000 கோடி ரூபாய்த் திட்டம் என்று வந்தது. அயோத்தியாப்பட்டணம் பக்கம் அச்சாங்குட்டப்பட்டி, குப்பனூர், இந்தப் பக்கம் பூலாவரி என்று கிணற்றோடு சேர்த்து நிலத்தை அளந்து கல் நட்டார்கள். பெண்கள் வயலில் விழுந்து அழுததை ஊரே பார்த்தது. 2019 ஏப்ரல் 8-ல் உயர் நீதிமன்றம் நிலம் எடுப்பதை ரத்து செய்தது. பத்து நாள் கழித்து வாக்குப்பதிவு, சேலம் மக்களவைத் தொகுதியில் திமுக ஜெயித்தது. 2020 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் அறிவிக்கை செல்லும் என்றும், ஆனால் சுற்றுச்சூழல் அனுமதி வாங்கியாக வேண்டும் என்றும் சொன்னது. 2021 ஏப்ரலில் சட்டமன்றத் தேர்தல். சேலம் மாவட்டத்தின் 11 தொகுதிகளில் 10 அதிமுக கூட்டணிக்குப் போனது. சேலம் வடக்கு ஒன்றுதான் திமுகவுக்கு.

"நிலத்தை அளந்தவங்களுக்கே ஓட்டு! இதுக்கு என்ன சொல்றே அத்தை?" என்றான். கணக்காகப் போட்டுப் பார்த்தோம்.

முதலில், "யாருக்கு". சாலை போகும் கோட்டில் நிலம் உள்ளவர்களுக்கு அது எல்லாவற்றையும் விழுங்கும் வரி. எடப்பாடிக்காரருக்கும் சங்ககிரிக்காரருக்கும் அது டிவியில் பார்த்த செய்தி. 11 தொகுதியையும் ஒரே விவசாயி போல நினைத்தால் கணக்கு அங்கேயே தப்பு.

அடுத்தது, "யார் கையில்". சாலை மத்திய அரசின் திட்டம். நிலத்தை அளந்தது மாநில அரசின் வருவாய்த் துறை. கோபத்தை யார் மேல் எழுதுவது என்பதே இரண்டாகப் பிரிந்து கிடந்தது.

மற்ற வரிகளும் இருந்தன. 2021 பிப்ரவரி 5-ல் கூட்டுறவுப் பயிர்க்கடன் 12,110 கோடி தள்ளுபடி என்ற அறிவிப்பு. அதே மாதம் 26-ல் வன்னியருக்கு 10.5 சதவீத உள் ஒதுக்கீட்டு மசோதா. அந்த ஒதுக்கீட்டை நவம்பரில் உயர் நீதிமன்றம் ரத்து செய்தது, 2022 மார்ச்சில் உச்ச நீதிமன்றமும் அதையே உறுதி செய்தது. ஆனால் ஏப்ரலில் ஓட்டுப் போட்டவரின் தாளில் நவம்பர் எப்படி இருக்கும்? அப்போதைய முதலமைச்சர் எடப்பாடி பழனிசாமி நம் மாவட்டத்துக்காரர் என்பது இன்னொரு வரி. ஐந்து ரோட்டில் 2020-ல் திறந்த ஈரடுக்குப் பாலம் கண்ணுக்கு முன்னால் நின்றது.

எல்லாவற்றையும் விடச் சிக்கலான வரி ஒன்று. சாலைக்கு எதிராக உயர் நீதிமன்றத்துக்குப் போனவர்களில் பாமகவின் அன்புமணி ராமதாஸும் ஒருவர். அவர் கட்சி அதே கூட்டணியில்தான் இருந்தது. சாலை வேண்டாம், ஆனால் கடன் தள்ளுபடியும் ஒதுக்கீடும் வேண்டும் என்று நினைத்தவருக்கு, அதற்கென்று தனியாக ஒரு பட்டன் இயந்திரத்தில் இல்லை. 2013-லிருந்து நோட்டா இருக்கிறது. ஆனால் நோட்டாவை அமுக்கினால் உங்கள் வெறுப்பு பதிவாகும், ஆட்சி மாறாது.

இன்னும் ஒன்று. அச்சாங்குட்டப்பட்டிக்காரர் எந்தப் பட்டனை அமுக்கினார் என்று தொகுதி முடிவைப் பார்த்துச் சொல்ல முடியாது. தொகுதியில் ஜெயித்த கட்சியே அந்த ஊரிலும் அதிக ஓட்டு வாங்கியிருக்கும் என்று எந்தக் கட்டாயமும் இல்லை. இதற்கு ஒரு வழி உண்டு. ஒவ்வொரு தேர்தலுக்குப் பிறகும் வாக்குச்சாவடி வாரியாக யாருக்கு எவ்வளவு என்று படிவம் 20 வெளியாகும். மாநிலத் தலைமைத் தேர்தல் அதிகாரியின் இணையதளத்தில் கிடைக்கும். ஒரு கிராமத்தைப் பற்றிப் பேசுவதானால் அந்த ஊர்ச் சாவடி எண்ணைத் தேடிப் பார்த்துவிட்டுப் பேசுங்கள். அண்ணன் மகனிடம் இதைச் சொன்னதும், "மீட்டிங் இருக்கு அத்தை" என்று போனை வைத்துவிட்டான்.

படிவம் 26-ஐப் படிக்கும் முறை

வேட்பாளர் ஒவ்வொருவரும் மனுவோடு படிவம் 26 என்ற பிரமாணப் பத்திரம் தர வேண்டும். தேர்தல் ஆணையத்தின் இணையதளத்தில் யாரும் பார்க்கலாம். படிப்பு, சொத்து, கடன், நிலுவையில் உள்ள வழக்குகள் எல்லாம் அதில் இருக்கும். சொத்து மொத்தத்தைப் பார்த்து வாயைப் பிளந்து பிரயோஜனமில்லை. ஏற்கெனவே நின்றவர் என்றால் போன தேர்தலின் பத்திரத்தையும் எடுத்து இரண்டையும் அருகருகே வையுங்கள். எது கூடியது, யார் பேரில் கூடியது, சொன்ன வருமானத்துக்கு அது பொருந்துகிறதா என்பதைப் பாருங்கள். வழக்குகளில் போராட்டத்தில் கலந்துகொண்டது, மறியல் செய்தது போன்றவை வேறு. நில மோசடி, மிரட்டல் வேறு. எண்ணிக்கையை மட்டும் பார்க்காமல் பிரிவைப் பாருங்கள்.

ஒரு சாயங்காலம் போதும். அதற்கு மேல் செலவழிக்கச் சொல்ல மாட்டேன். லட்சக்கணக்கான ஓட்டில் ஒன்றுக்காக ஒருவர் ராத்திரி பகலாகப் படிப்பார் என்று எதிர்பார்ப்பது நடக்காத காரியம். கூலிக்காரருக்கு ஒருநாள் வேலை போனால் ஒருநாள் கூலி போச்சு.

கவர் வந்தால்

ஓட்டுக்குப் பணம் கொடுப்பதும் வாங்குவதும் இரண்டுமே சட்டப்படி குற்றம். பண விநியோகத்தால் 2016-ல் அரவக்குறிச்சியிலும் தஞ்சாவூரிலும் தேர்தல் தள்ளிப்போனது, 2017-ல் ஆர்.கே.நகர் இடைத்தேர்தலும் 2019-ல் வேலூர் மக்களவைத் தேர்தலும் ரத்தாயின. வாங்காதீர்கள் என்றுதான் சொல்வேன். வாங்கிய வீட்டைப் பார்த்து "விலை போய்விட்டார்கள்" என்பவரிடம் ஒரு கேள்வி மட்டும்: இரண்டு பக்கமும் கொடுத்தபோது அவர்கள் யாருக்கு விலை போனார்கள்? கவர் வந்திருந்தால் அதைத் தாளில் வரவில் எழுதிவிட்டு, தொகையை ஐந்து ஆண்டின் நாட்களால் வகுத்துப் பாருங்கள். ஒரு நாளைக்கு ஒரு டீக்குக்கூட வராது. சாமி மேல் சத்தியம் வாங்கிக்கொண்டு கொடுத்தார்கள் என்று தயங்குகிறவர்களுக்கு: திரைக்குப் பின்னால் எந்தச் சத்தியத்தையும் யாரும் எட்டிப் பார்க்க முடியாது.

எப்போது சொல்லலாம்

இவ்வளவும் எழுதிய பிறகும் சிலர் தன் நலனுக்கு எதிராகத்தான் ஓட்டுப் போடுகிறார்கள். அதை மறைக்க மாட்டேன். வெள்ளிக்கு டச் பார்ப்பது போல நான் மூன்று இடத்தில் உரசிப் பார்ப்பேன். அவர் தாளில், அவரே "அதிகம்" என்று எழுதிய வரி அடிபடுகிறதா? சரிபார்க்கக்கூடிய ஒரு பொய்யை நம்பி அப்படிப் போட்டாரா? வேறு பட்டன் உண்மையிலேயே இருந்ததா? மூன்றும் சேர்ந்தால் சொல்லிவிடலாம். வாட்ஸ்அப்பில் வந்த "இன்னார் வந்தால் முதியோர் பென்ஷன் நின்றுவிடும்" என்ற செய்தியை நம்பி, தனக்குப் பிடித்த வேட்பாளரை விட்டுவிட்டு மாற்றிப் போட்ட பாட்டி ஒருவரை எனக்குத் தெரியும். மூன்றிலும் அவர் மாட்டுகிறார். அவரிடம் போய் "ஏமாந்துட்டீங்க ஆயா" என்று சொன்னால் வாசலிலேயே அனுப்பிவிடுவார். "எந்த வரிக்காகப் போட்டீங்க ஆயா?" என்று கேட்டால் உட்கார வைத்துச் சொல்வார். பென்ஷன் அரசாணையைக் காட்ட வேண்டிய இடம் அப்போதுதான் வரும்.

"அப்படின்னா அறிவுள்ளவங்களே அவங்களுக்காகவும் முடிவு பண்ணிடலாமே" என்று அண்ணன் மகன் கேட்டான். அதையும் எங்கள் சேலத்தில் பார்த்தாயிற்று. ராஜாஜி இதே சேலத்தில் நகராட்சித் தலைவராக இருந்தவர். 1937-ல் சென்னை மாகாணத்தின் பிரதமர் (இன்றைய முதலமைச்சர் பதவி போல) ஆனதும் மதுவிலக்கை முதலில் அமல்படுத்தியது சேலம் மாவட்டத்தில், அக்டோபர் 1 அன்று. நல்ல எண்ணம்தான், எத்தனையோ வீட்டில் பெண்கள் கும்பிட்டிருப்பார்கள். ஆனால் அன்றைக்கு ஓட்டு சொத்து, வரி, படிப்பு பார்த்துத்தான். குடித்த கூலிக்காரருக்கும் அடிவாங்கிய மனைவிக்கும் மரமேறிப் பிழைத்தவருக்கும் பெரும்பாலும் ஓட்டே இல்லை. சாராய வருமானம் போனதை ஈடுகட்ட 1939-ல் விற்பனை வரி வந்தது. அதைக் கட்டியதும் இவர்கள்தான். அந்தச் சட்டத்தால் வீட்டில் வரவு கூடியதா குறைந்ததா என்று அந்த மனைவியைக் கேட்க ஒரு வழியும் இருக்கவில்லை. 2016-ல் இரண்டு பெரிய கட்சிகளும் மதுவிலக்கை வாக்குறுதியாக எழுதின. அந்த ஆண்டும் அடுத்த ஆண்டும் ஐந்நூறு ஐந்நூறாகக் கடைகளை மூடினார்கள். பேரன் பேத்திகள் கையில் ஓட்டு இருந்ததால் வந்த பயம் அது. கொஞ்சம்தான் நடந்தது என்பது என் வாதம். ஆனால் அந்தக் கொஞ்சமாவது ஓட்டு கேட்டு வாங்கியது.

ஓட்டுப் போட்ட பிறகு

தாளைத் தூக்கிப் போடாதீர்கள். ரேஷன் கார்டு கவரில் வையுங்கள். கிராமத்தில் இருப்பவர்களுக்கு ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 என ஆண்டுக்கு ஆறு கிராமசபை. ஏற்காட்டு மலைக்காரர்களுக்கும் அதுதான். நகரத்தில் கவுன்சிலரைப் பிடிக்க வேண்டும், வார்டில் ஏரியா சபை நடந்தால் அங்கே போகலாம். கூட்டத்தில் எல்லாவற்றையும் பேசாதீர்கள், தாளில் "அதிகம்" என்று எழுதிய ஒரே வரியை எடுத்து, "இது எந்த மாசம் முடியும்?" என்று மட்டும் கேளுங்கள். தீர்மானப் புத்தகத்தில் ஏற்றச் சொல்லுங்கள்.

பதில் வராவிட்டால் தகவல் உரிமைச் சட்டத்தில் 10 ரூபாய் கட்டணத்தோடு மனு. 30 நாளில் பதில் தர வேண்டும். மனுவில் "ஏன் செய்யவில்லை" என்று கேட்டால் சுற்றிவிடுவார்கள். எவ்வளவு ஒதுக்கினீர்கள், எவ்வளவு செலவானது, எந்தத் தேதியில், யாருக்குக் காண்ட்ராக்ட் என்று கேளுங்கள். ஸ்பீட் போஸ்டில் அனுப்பி, ரசீதைத் தாளின் பின்பக்கம் ஒட்டி வையுங்கள்.